ம்புனாவா, பீகொக்கா, மல்ட்டியா: திருகோணமலை வீட்டுத் தொட்டிக்கு எந்த ஆபிரிக்கன்?

மீன்கடைகளில் 'ஆபிரிக்கன்' (ஆபிரிக்க ஏரிகளில் வாழும் சிக்லிட் குடும்ப மீன்கள்) என்று ஒரே தொட்டியில் எல்லாவற்றையும் கலந்து போட்டு விற்பார்கள். மஞ்சள், நீலம், கோடு போட்டது, புள்ளி போட்டது என்று விரல் நீளக் குஞ்சுகள், எதை எடுத்தாலும் ஒரே விலை. நிறம் கடல்மீனைப்போல இருக்கும், வளர்க்கக் கடல்தண்ணீர் வேண்டாம். வெறுங்கையோடு திரும்பி வர மனம் வராது. நானும் அப்படித்தான் முதலில் எட்டுக் குஞ்சு வாங்கினேன். ஆறு மாதத்தில் இரண்டு மிஞ்சியது. அந்த எட்டும் ஒன்றாக வாழக்கூடிய சாதிகளே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

இந்தக் குடும்பம் நமக்குப் புதிதல்ல. கந்தளாய்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் திலாப்பியாவும் ஆபிரிக்க சிக்லிட்தான். 1952இல் இலங்கைக்கு வந்து நம் குளங்களைப் பிடித்துக்கொண்டது. அடுத்த முறை வெட்டுமுன் அதன் முகத்தை உற்றுப் பாருங்கள். பெரும்பாலான மீன்களுக்கு மூக்குத் துவாரம் பக்கத்துக்கு இரண்டு இருக்கும், இதற்கு ஒன்றுதான். உடம்பில் ஓடும் பக்கக்கோடும் நேராக வால்வரை போகாது. பாதியில் அறுந்து, கொஞ்சம் கீழே இறங்கி மறுபடி தொடங்கும். இந்த இரண்டும் இருந்தால் சிக்லிட் என்று நம்பலாம். எந்த ஏரி, எந்தக் கூட்டம் என்பதில்தான் கடைக்காரரும் சறுக்குவார், நாமும் சறுக்குவோம்.

முதலில் ம்புனா. மலாவி ஏரியின் பாறைகளில் வாழ்வது. அந்தக் கரையில் வாழும் தொங்கா மக்களின் பேச்சில் பாறை மீனுக்குப் பெயரே அதுதான். உடம்பு கட்டை, தலை மழுங்கல், வாய் கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்கும். பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்ன அமைந்த வாய். குஞ்சிலேயே நிறம் வந்துவிடும், பல இனங்களில் பெண் மீனும் பளிச்சென்றுதான் இருக்கும். கொடுத்த காசுக்குக் கண்ணுக்கு நிறைவு என்றால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

ஆனால் சண்டை! என் எட்டில் இரண்டு, மஞ்சள் உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடிய அழகான குஞ்சுகள். ஒருநாள் காலை மகள் கூப்பிட்டாள். "அப்பா, ஆரோ எங்கட மீனை மாத்திப்போட்டாங்கள்!" போய்ப் பார்த்தால், மஞ்சள் மீன் ஒன்றைக் காணவில்லை. அதே அளவில், உடம்பு கறுத்து, வெளிறிய கோட்டோடு ஒரு மீன் தொட்டியை அளந்துகொண்டு நின்றது. அது ஓராட்டஸ் என்ற இனம். பெண்ணும் குஞ்சும் மஞ்சள், தலையெடுத்த ஆண் கறுப்பு. கறுத்த நாளிலிருந்து அது மற்றவற்றுக்கு எமன். ஒவ்வொன்றாக வாலைக் கிழித்து, மூலையில் ஒதுக்கி, சாப்பிட விடாமல் முடித்தது. கலந்த தொட்டியில் மஞ்சளில் கறுப்புக்கோடு நீளவாட்டில் ஓடுவதைக் கண்டால் தொடவேண்டாம்.

ம்புனா வளர்ப்பவர்கள் சண்டையைச் சமாளிக்கும் வழி விசித்திரமானது. கூட்டத்தைக் கூட்டுவார்கள். நாலடித் தொட்டியில் ஐந்து மீன் விட்டால் வலியது ஒன்று மெலிந்த ஒன்றைத் துரத்தியே கொன்றுவிடும். பதினைந்து விட்டால் துரத்த ஆள் அதிகமாகி அடி பங்காகிவிடும். ஓர் ஆணுக்கு மூன்று நாலு பெண் இருக்கவேண்டும், ஒளிய நிறையக் கல் வேண்டும். கல்லை வெறுங் கண்ணாடியில் உறுதியாக அடுக்கிவிட்டுத்தான் மணலைக் கொட்டவேண்டும். மணலின் மேல் அடுக்கினால் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும்.

இன்னொரு தவறும் என்னுடையதுதான். வீட்டில் கூனி இருந்தது, மீன்களும் பாய்ந்து தின்றன, தினமும் போட்டேன். பாசி தின்னும் மீனுக்குக் குடல் நீளம். கொழுப்பும் புரதமும் கூடினால் வயிறு வீங்கி, வெள்ளை நூல் போலக் கழித்து, சாப்பாட்டை வெறுத்து ஒரு வாரத்தில் போய்விடும். மலாவி வீக்கம் என்பார்கள். இப்போது ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீனி மட்டும், அதுவும் கொஞ்சமாக.

பீகொக் அதே ஏரிதான், குணம் வேறு. மணலுக்கு மேலே அசையாமல் மிதந்து, தாடையில் உள்ள குழிகளால் மணலுக்குள் நெளியும் பூச்சியின் அசைவை உணர்ந்து சட்டென்று கொத்தும். கடையில் அடையாளம் காண இந்தக் குழிகளே போதும். கன்னத்துக்குக் கீழே ஊசியால் குத்தியதுபோல வரிசையாகத் தெரியும். கண் பெரிது, மூஞ்சி கூர்மை. இதற்குக் கொஞ்சம் கூனி போட்டாலும் குற்றமில்லை, உப்பைக் கழுவிவிட்டால் சரி.

நல்ல ஆண் பீகொக்குக்கு முன்னால் ம்புனா நிற்காது. நீலமும் செம்மஞ்சளும் அப்படி மினுங்கும். சிக்கல் என்னவென்றால் அந்த நிறம் ஆணுக்கு மட்டும்தான், அதுவும் ஓரளவு வளர்ந்த பிறகு. பெண்ணும் குஞ்சும் சாம்பல் நிறம். அப்படியானால் கடையில் இரண்டு அங்குலக் குஞ்சு எல்லாம் ஜொலிப்பது எப்படி? ஹோர்மோன் தீனி. வாங்கி வந்து சில மாதத்தில் நிறம் கரைந்து, பாதி பெண்ணாக நிற்கும். கீழ்ச்செட்டையில் முட்டைப்புள்ளி (முட்டை போன்ற வட்டப் புள்ளி) இருந்தால் ஆண் என்பார்கள், அதையும் முழுதாக நம்பவேண்டாம். பெண்ணுக்கும் மங்கலாக வருவதுண்டு. கறை படிந்ததுபோல புள்ளி போட்ட ஓபி பீகொக் ஏரியிலேயே கிடையாது. ம்புனாவோடு கலந்து மனிதர் உண்டாக்கியது.

ம்புனாவையும் பீகொக்கையும் சேர்த்து வைக்கலாமா? என் பதில், வேண்டாம். பீகொக் அடங்கிப்போய் நிறம் மங்கிவிடும். யெல்லோ லாப் மட்டும் விலக்கு. அது ம்புனாவில் சாதுவானது. முழு மஞ்சள், முதுகுச்செட்டையில் ஒரு கறுப்புக்கோடு. உடம்பில் குறுக்குப் பட்டை தெரிந்தால் கலப்பு என்று சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது மல்ட்டி. இது தங்கனீக்கா ஏரிக்காரன், கடையில் கேட்டவுடன் கிடைக்காது. ஆண் வளர்ந்தாலும் ஒன்றரை, இரண்டு அங்குலம்தான். சாம்பலில் மெல்லிய பட்டை, நிறத்துக்கு என்று பார்த்தால் தோல்வி. ஆனால் காலி நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்தும் மீன். இரண்டடித் தொட்டி, மூன்று அங்குல மணல், மீனுக்கு இரண்டு ஓடு. வயல் வாய்க்காலில் கிடக்கும் நத்தை ஓட்டைப் பொறுக்கி அவித்துப் போட்டேன் (அவிக்கும்போது வந்த நாற்றத்தை மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்). விட்ட மறுநாளே ஓட்டைச் சுற்றி மணலை வாயால் அள்ளித் துப்பி, தங்களுக்குப் பிடித்தபடி புதைத்துவிட்டன. மலாவி மீன்களில் தாய் முட்டையை வாயில் வைத்துச் சாப்பிடாமல் மூன்று வாரம் கிடக்கும், குஞ்சைக் காப்பாற்ற நாம் தனித்தொட்டி தேடவேண்டும். இங்கே ஓட்டுக்குள்ளேயே முட்டை. கண்ணிமை மயிர் அளவுக் குஞ்சுகள் ஓட்டு வாசலில் நிற்க, பெரியவை விரட்டுவதில்லை. கழுவ ஓட்டைத் தூக்கினால் மீனும் உள்ளேயே இருந்து கூட வரும், வெளியே வராது.

தண்ணீரில் நமக்கு ஓர் அனுகூலம். மூன்றுக்கும் காரத்தன்மை கூடிய, கடின நீர் வேண்டும். மலாவிக்கு பீ.எச் 7.8க்கு மேலே, தங்கனீக்காவுக்கு இன்னும் கூட. உப்புவெளியில் என் கிணற்று நீர் கேத்திலில் வெள்ளை படியவைக்கும் சாதி, அளந்தால் 8ஐத் தாண்டும். உங்கள் கிணற்றை நீங்கள் அளந்து பாருங்கள். குழாய் நீர் என்றால் குளோரின் போக ஒருநாள் காற்றடிக்க விட்டு, தேவைப்பட்டால் மட்டி ஓட்டை உடைத்துக் கழுவி பில்டருக்குள் போடலாம். கடற்கரைப் பவளத்தில் கை வைக்கவேண்டாம், அது சட்டவிரோதம். புறாத்தீவு தேசியப் பூங்காவிலிருந்து ஒரு சிப்பிகூட எடுக்கக்கூடாது. ஒன்று மட்டும் கவனம்: காரநீரில், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா கூடுதல் நஞ்சு. பில்டர் பழகுமுன், அதாவது அமோனியாவை உடைக்கும் பக்டீரியா அதில் வளருமுன், மீன் விட்டால் மென்னீரைவிட வேகமாகச் சாகும்.

அனுகூலம் அத்தோடு சரி. சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொட்டி 30 பாகையைத் தாண்டும், வெந்நீரில் ஒட்சிசன் குறையும். சிறிய தொட்டி முதலில் சூடாகும் என்பதால் மல்ட்டிக்குத்தான் பயம் அதிகம். மூடியைத் திறந்து வலை போட்டு, நீர்மட்டத்துக்கு மின்விசிறியைத் திருப்பினால் இரண்டு பாகை இறங்கும். 2022இல் 13 மணி நேரம் கரண்ட் நின்ற நாட்களில், நெருக்கமாக ம்புனா வைத்திருந்தவர்கள் கோப்பையால் அள்ளி ஊற்றியபடியே இரவைக் கழித்தார்கள். பற்றரிக் காற்றுப் பம்பு ஒன்று வாங்காமல் நாலடித் தொட்டி வைக்காதீர்கள்.

இடமும் காசும் இருந்தால், ஆண் பீகொக் மட்டும் எட்டு, நாலடித் தொட்டியில். பிள்ளைகள் உள்ள வீடு, முதல் தொட்டி என்றால் யெல்லோ லாப் எட்டுப் பத்து, வேறொன்றும் சேர்க்காமல். என் மேசையில் இப்போது இருப்பது மல்ட்டி. ஆறு விட்டேன், கடைசியாக எண்ணியபோது முப்பத்தொன்று. ஓட்டுக்குள் இருந்தவற்றை எண்ண முடியவில்லை.