ஃபைல் மேனேஜர்: இரட்டைப் பலகமா, தனித்தனி விண்டோவா?

இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் சிதறிக் கிடந்த பத்து வருடப் புகைப்படங்களை ஒரு புது டிஸ்க்கில் சேர்க்கும் வேலை போன மாதம் வந்தது. பாதியைத் தனித்தனி விண்டோக்களில் செய்தேன், மீதியை டபுள் கமாண்டர் என்ற இரட்டைப் பலக ஃபைல் மேனேஜரில். இனி முதல் வழிக்குத் திரும்புவதாக இல்லை. நடுநிலையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் விண்டோக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வேண்டுமானாலும் திறக்கலாம், இஷ்டப்படி இழுத்துப் பெரிதாக்கலாம். இரட்டைப் பலகம் என்பது ஒரே விண்டோ நடுவில் பிரிந்து, இடமும் வலமும் இரண்டு ஃபோல்டர்களைக் காட்டுவது. 1986இல் டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு வந்த நார்ட்டன் கமாண்டர் பிரபலமாக்கிய அமைப்பு. டோட்டல் கமாண்டர், லினக்ஸ் டெர்மினலில் ஓடும் மிட்நைட் கமாண்டர் எல்லாம் அந்த வம்சம்தான். டேப் கீயைத் தட்டினால் அடுத்த பக்கம், எஃப்5 காப்பி, எஃப்6 இடமாற்றம்.

விண்டோஸ் கீயோடு இட, வல அம்புக்குறியைத் தட்டினால் இரண்டு விண்டோக்களும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுமே, அப்புறம் என்ன வித்தியாசம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டு விண்டோக்களுக்கும் ஒன்றையொன்று தெரியாது. எங்கே போட வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் நம் கைதான் காட்ட வேண்டும். இரட்டைப் பலகத்தில் ‘எதிர்ப்பக்கம்’ என்று ஒன்று உண்டு, அது நிரலுக்கே தெரியும். எஃப்5 தட்டியதும் ஒரு சின்னப் பெட்டி வந்து, போய்ச் சேரும் ஃபோல்டரின் முழு முகவரியைக் காட்டுகிறது. படித்துவிட்டு என்டர்.

இதன் அருமை எனக்குச் சுமார் முந்நூறு படங்கள் காணாமல் போனபோது புரிந்தது. பின்னால் பாதி மறைந்திருந்த விண்டோவுக்கு மவுஸில் இழுத்துப் போனேன். வெற்றிடம் என்று நினைத்துக் கையை விட்ட இடத்தில் ‘2014’ என்ற உள்ஃபோல்டர் இருந்திருக்கிறது, எல்லாம் அதற்குள் விழுந்துவிட்டது. கவனித்ததால் கன்ட்ரோல் இசட் காப்பாற்றியது. கவனிக்காமல் எத்தனை விழுந்ததோ! இது போதாதென்று, விண்டோஸின் ஃபைல் மேனேஜரான எக்ஸ்ப்ளோரரில் ஒரே டிரைவுக்குள் இழுத்தால் இடமாற்றம், வேறு டிரைவுக்கு இழுத்தால் காப்பி. கன்ட்ரோலைப் பிடித்தால் எங்கும் காப்பி, ஷிஃப்டைப் பிடித்தால் எங்கும் இடமாற்றம். நாலு படத்துக்கு இது நினைவிருக்கும். நானூறாவது படத்தில் கை மட்டும்தான் வேலை செய்கிறது, தலை இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கவும் இதே ‘எதிர்ப்பக்கம்’தான் உதவுகிறது. டோட்டல் கமாண்டரில் ஷிஃப்ட் எஃப்2 தட்டினால், எதிர்ப்பக்கத்தில் இல்லாத ஃபைல்களையும் அங்கிருப்பதைவிடப் புதியவற்றையும் தானே குறித்துக் காட்டும். இரண்டு டிஸ்க்கில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

குறை இல்லாமல் இல்லை. சின்ன லேப்டாப் திரையில் நீளமான ஃபைல் பெயர்கள் பாதியில் வெட்டுப்படும். மூன்றாவது ஃபோல்டர் தேவைப்பட்டால் டேப் திறந்துதான் சமாளிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று பார்க்காமல் எஃப்8 தட்டினால், அழிக்கக் கூடாத பக்கத்தில் அழிக்கச் சொன்னதாகிவிடும். கேட்டுவிட்டுத்தான் அழிக்கிறது, ஆனால் என்டர் தட்டிப் பழகிய விரல் அதையும் தாண்டிப் போய்விடும். ஒரு முறை போயே விட்டது.

இரண்டு பெரிய மானிட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனி விண்டோக்களே வசதியாக இருக்கலாம். நான் ஒற்றைத் திரைக்காரன், அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன். டிசைனர்கள் மாதிரி ஃபைலை வேறொரு மென்பொருளுக்குள் இழுத்துப் போடுகிறவர்களுக்கும் இரட்டைப் பலகத்தால் பெரிய லாபமில்லை.

தினமும் ஒன்றிரண்டு ஃபைல்தான் நகர்த்துகிறீர்கள் என்றால் இருப்பதே போதும். லினக்ஸில் டால்ஃபின், நீமோ என்ற ஃபைல் மேனேஜர்களில் ஒன்றை வைத்திருந்தால் எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். எஃப்3 தட்டினால் திரை இரண்டாகும், மறுபடி தட்டினால் ஒன்றாகும்.