உகந்தையா, படுவான்கரையா?

ஆனி பிறந்ததும் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சொந்தங்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "ரெண்டு நாள்தான் லீவு. காட்டுக்குள்ள இருக்கிற கோயில் ஒண்டு பாக்கவேணும், எங்க போகலாம்?" உகந்தை என்று சொல்லுவேன் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறார்கள். நான் பெரும்பாலும் படுவான்கரைக்கே அனுப்புகிறேன். உகந்தையைக் குறைத்துச் சொல்வதற்காக அல்ல. இரண்டும் கொடுப்பது வேறு வேறு.

உகந்தமலை முருகன் கோயில் அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியில், குமண தேசியப் பூங்காவின் வாசலிலேயே இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்கு அப்பால் அறுகம்பை, பாணமை, பிறகு காட்டோரப் பாதை. திருவிழாக் காலம் தவிர்ந்த நாட்களில் பாணமைக்கு அப்பால் பஸ்ஸை நம்ப வேண்டாம், சொந்த வாகனம் அல்லது ஓட்டோதான். சாப்பாட்டையும் தண்ணீரையும் பாணமையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

படுவான்கரை என்பது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. கொக்கட்டிச்சோலை, தாந்தாமலை, மண்டூர் மூன்றும் அங்கேதான். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். கடைசிப் பாதையைத் தவறவிட்டால் நீண்ட சுற்று. இப்போது காலையில் மட்டக்களப்பில் இடியப்பம் சாப்பிட்டுப் புறப்பட்டால் கொக்கட்டிச்சோலையையும் தாந்தாமலையையும் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்பிவிடலாம். தூரத்தைப் பொறுத்தவரை போட்டியே இல்லை.

காட்டுக்கு வருவோம். உகந்தையில் காடு வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுச்சீட்டு, ஜீப், வாசல் நேரம் எல்லாம் உண்டு. 2006 வரை யால கிழக்கு என்று அழைக்கப்பட்ட பூங்கா இது. யுத்தத்தால் 1985 இல் மூடப்பட்டு 2003 இல்தான் திறந்தது. வைகாசி, ஆனி மாதங்களில் குமண வில்லில் (சதுப்பு நீர்நிலையில்) கூழைக்கடாவும் நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டியிருக்கும். பறவை பார்க்கிறவர் என்றால் மேலே படிக்கவே வேண்டாம், உகந்தைக்குப் போங்கள்.

கோயிலும் அழகான இடம். மலையில் சுனைகள், உச்சியில் வள்ளியம்மன், கீழே கடல். முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கியது இங்கேதான் என்பது ஐதீகம். கரையில் கிடக்கிற பாறையைக் காட்டி அதுதான் அந்த ஓடம் என்பார்கள். ஆனால் எப்போது போகிறீர்கள் என்பதில் எல்லாமே மாறிவிடும். கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிக் காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் உகந்தை ஒரு சிறிய பட்டணம். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்கில் கரையோரமாக நடந்து வந்தவர்களும், கிழக்கின் ஊர்களிலிருந்து வந்தவர்களும் இங்கே தங்கி, குமுக்கன் ஆற்றைக் கடந்து யால வழியாகக் கதிர்காமம் போவார்கள். சுமார் ஐந்து நாள் நடை. நடக்கிறவருக்கு அதற்கு ஈடாக எதுவும் இல்லை. நடக்காமல் வாகனத்தில் வந்து இறங்கி "அமைதியான காட்டுக் கோயில்" தேடுகிறவருக்கோ ஒலிபெருக்கியும் புழுதியும்தான் மிஞ்சும். கதவு திறக்கும் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்; ஜூன் கடைசியிலேயே திறந்த ஆண்டுகளும் உண்டு. அம்பாறைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் முடிந்து அறிவித்தல் வந்த பிறகு லீவு போடுங்கள்.

தாந்தாமலையில் காட்டுக்குக் கதவு இல்லை. வயல் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நடுவில் பாறை, பாறையோடு முருகன். யானை வேலி இருக்கிறது, யானையும் இருக்கிறது. உகந்தையில் யானையைப் பார்த்தால் படம் எடுப்போம். இங்கே கதிர் முற்றுகிற காலத்தில் ஆட்கள் பரணில் விழித்திருந்து வெடி கொளுத்துகிறார்கள். வீடும் ஆளும் பறிகொடுத்த குடும்பங்கள் உள்ள பக்கம் அது. "யானை வருமா?" என்று ஆசையாக மட்டும் கேட்டுவிடாதீர்கள். பொழுதுபட முன்னர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வந்துவிடுவது நல்லது.

பண்பாடு என்று பார்த்தால் நான் படுவான்கரையின் கட்சி. உகந்தையில் கூடுகிறவர்களில் பெரும்பாலானோர் வேறு ஊர்களிலிருந்து வந்து போகிறவர்கள். படுவான்கரையில் கோயிலை நடத்துவதே ஊர்தான். எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த நாள் திருவிழா, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் யார் என்பதெல்லாம் பரம்பரையாக வருகிற விஷயங்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் போர்த்துக்கேயத் தளபதிக்கு முன்னால் கல் நந்தி புல் உண்ட கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். மண்டூர் முருகனிடம் போனால் பூசகரான கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வதைக் காணலாம். மந்திரம் கிடையாது. சின்னக் கதிர்காமம் என்று அதற்குப் பெயர். திருவிழா ஆவணிப் பூரணையில் தீர்த்தத்தோடு முடியும். மண்டூரிலிருந்து திரும்பும்போது குருமண்வெளிக்குப் படகுப் பாதையில் வாருங்கள், பழைய பயணம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வந்தால் இன்னும் நல்லது. கன்னங்குடா போன்ற ஊர்களில் கூத்து ஆசானான அண்ணாவியார் கூத்துப் பழக்குகிற காலம் அது. கூத்தின் இரண்டு பாணிகளில் வடமோடியா தென்மோடியா என்று கேட்டுக்கொண்டு போய், வட்டக்களரி என்கிற வட்ட மேடையின் ஓரத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தால் விடியும்வரை ஆட்டம். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரையைப் பாடி, அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கு நடக்கும். மகிழடித்தீவைக் கடக்கும்போது படுகொலை நினைவுத்தூபியில் கொஞ்சம் நில்லுங்கள். 1987 உம் 1991 உம் அந்த ஊர்களுக்கு வெறும் ஆண்டுகள் அல்ல.

அம்பாறைப் பக்கம் இவையெல்லாம் இல்லை என்று சொன்னால் காரைதீவார் என்னைச் சும்மா விடமாட்டார்கள். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகி உண்டு. பாண்டிருப்புத் திரௌபதி அம்மனுக்குப் புரட்டாதியில் தீமிதிப்பு. பாணமையில் தமிழும் சிங்களமும் கலந்த சனம், கொம்புகளைக் கோத்து இழுத்து முறிக்கிற நம் கொம்புமுறியின் உறவான அங்கெலிய விளையாட்டைப் பத்தினி தெய்வமான கண்ணகிக்காக ஆடுகிறார்கள். ஆனால் கல்முனைப் பக்கத்து ஊர்கள் கரையோரப் பெருவீதியில் இருக்கின்றன. உகந்தைப் பயணத்தில் வழியில் இறங்கிப் பார்க்கலாம், அதைக் காட்டுக் கோயில் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆக, வயதானவர்களோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால் படுவான்கரை. பறவைகளுக்கும் கடலுக்கும் என்றால் திருவிழா இல்லாத நாளில் உகந்தை, இரவு அறுகம்பையில் தங்கலாம். கார்த்திகை, மார்கழியில் இரண்டும் வேண்டாம். வெள்ளம் வந்தால் தாந்தாமலைப் பக்கம் வீதியே தெரியாது. இன்னொன்று, ஆடி அமாவாசைக்கு வருகிறவர்கள் முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். மட்டக்களப்பு மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தீர்த்தம் ஒரே நாளில்தான். வீதி முழுக்கச் சனம் என்பதால் ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்கு ஓடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.