ஸ்பார்ஷ்: பணம் ஒழுங்கு, பெயர்தான் தகராறு

முன்பெல்லாம் ராணுவ பென்ஷன் வங்கி வழியாக வந்தது. கணக்குப் போட்டது வங்கியின் பென்ஷன் மையம். ஊரில் இருக்கும் ஹவில்தாருக்குத் தெரிந்தது பாஸ்புக்கில் விழுந்த மொத்தத் தொகை மட்டும்தான். ஸ்பார்ஷ் என்ற பாதுகாப்புத் துறை பென்ஷன் இணையதளம் வந்த பிறகு பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகமே நேரடியாகப் போடுகிறது. உள்ளே நுழைந்தால் சர்வீஸ் பென்ஷன், ஊனப் பங்கு, அகவிலைப்படி, கம்யூட்டேஷன் பிடித்தம் (பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கு மாதாமாதம் கழிப்பது) எல்லாம் தனித்தனி வரியில் நிற்கும். கம்யூட்டேஷன் பிடித்தம் 15 வருஷத்தோடு நிற்க வேண்டும். நின்றதா என்று பார்க்க இதைவிட லேசான வழி கிடையாது.

காயம்பட்டு வெளியே வந்தவர்கள் அந்த ஊனப் பங்கு வரியை ஒருமுறை நிதானமாகப் பார்க்கவும். 1987-90 இலங்கையோ, 1999 கார்கிலோ, எங்கே அடிபட்டிருந்தாலும் மெடிக்கல் போர்டு போட்ட சதவீதம் அப்படியே கணக்கில் ஏறக் கூடாது. ஊனத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு 1996 முதல் ஒரு விதி உண்டு: 50க்குக் கீழே என்றால் 50, 50 முதல் 75 வரை என்றால் 75, அதற்கு மேல் 100. போர்டு 40 என்று எழுதி, பணமும் 40க்கே வந்துகொண்டிருந்தால் எழுதிக் கேட்கலாம்.

அடுத்தது உயிர்வாழ் சான்று. பெரும்பாலோருக்கு நவம்பர் மாதம். ஆனாலும் தளத்தில் காட்டும் கடைசித் தேதிதான் கணக்கு. கடப்பாரை பிடித்து, சிமெண்ட் குழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகைக் கருவி நாலு தடவை வைத்தாலும் எடுக்காது. விரலே போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். முகம் காட்டும் முறை 2021 நவம்பரில் வந்தது. இவர்களுக்கு அதுதான் சரி. ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலி, ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலி, இரண்டும் வேண்டும். முதலில் போன் வைத்திருக்கும் மகனோ பேத்தியோ ஆபரேட்டராகத் தன் முகத்தைப் பதிய வேண்டும். பிறகுதான் பெரியவரின் முகம். வீட்டுக்குள் இருட்டில் எடுத்தால் வட்டம் சிவப்பாகவே நிற்கும். திண்ணையில், வெளிச்சம் முகத்தில் படும்படி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைச் சிமிட்டச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

சிக்குவது அடுத்த திரையில். அனுமதித்த அலுவலகம் என்ற இடத்தில் டிஃபென்ஸ் – பிசிடிஏ (பி) அலகாபாத்; மேலே சொன்ன பிரயாக்ராஜ் அலுவலகம்தான், பழைய ஊர்ப் பெயரில். வழங்கும் அலுவலகம் என்ற இடத்தில் ஸ்பார்ஷ் – பிசிடிஏ (பென்ஷன்ஸ்) அலகாபாத். பழக்கத்தில் பழைய வங்கியைத் தேர்ந்தெடுத்தால் சான்று வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். பிபிஓ (பென்ஷன் ஆணை) எண்ணும் ஸ்பார்ஷ் கொடுத்த 12 இலக்க எண்ணாக இருக்க வேண்டும். சாய்வுக்கோடு போட்ட பழைய எண் வேலைக்கு ஆகாது. மறுவேலை, மறுமணம் கேட்கும் இடத்தில் கை தவறி ‘ஆம்’ தட்டிவிட்டால் டிஜிட்டல் சான்று செல்லாது. டிஎஸ்சி எனும் பாதுகாப்புக் காவல் படையில் இரண்டாம் முறை சேவை செய்து இரண்டு பென்ஷன் வாங்குபவர்கள் இரண்டு சான்று போட வேண்டும். பிரமாண் ஐடி என்று எஸ்எம்எஸ் வந்தால் சான்று உருவானது என்று மட்டுமே அர்த்தம். சில நாள் கழித்து ஸ்பார்ஷில் அடுத்த தேதி மாறியிருக்கிறதா என்று பார்த்தால்தான் ஏற்றுக்கொண்டது தெரியும். போனே வேண்டாம் என்றால் தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு எடுத்துக் கொடுக்கிறார். நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்கு அது மலிவு.

இதுவரை குறை பெரிதாக இல்லை. தளம் தடுமாறுவது மனைவி பெயரில்.

40 வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு யூனிட்டில், தமிழே காதில் விழாத கிளார்க் ஒருவர் படையை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் எழுதிய ஆங்கில எழுத்துகள்தான் இன்றும் தளத்துக்கு வேதம். ஆதாரில் பொன்னுத்தாயி, அங்கே பொன்னுதாய். இங்கே அப்பா பெயர் இனிஷியல், அங்கே அதுவே குடும்பப் பெயர். பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் பல பழைய பிபிஓக்களில் காலி. இந்தக் காலி இடம் காசைத் தின்கிறது: 80 வயதானால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம், 85ல் 30, 90ல் 40 என்று, கணவர் இறந்த பின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் ஏற வேண்டும். தேதி பதிவாகாத அம்மாவுக்கு 80 ஆனது கணினிக்குத் தெரியாது.

தளத்தில் ‘திருத்தம்’ பொத்தானை அழுத்தினால் மட்டும் இது தீராது. பெயரும் தேதியும் அவரவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத் திருந்த வேண்டும்: மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெல்லிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், டிஎஸ்சி கண்ணூர். டிஸ்சார்ஜ் புக் நகல், இருவர் ஆதார், பான், பழைய பிபிஓ, பெயர் வேறுபாட்டுக்கு அஃபிடவிட். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முகப்புக் கடிதம் வாங்கி ஸ்பீட் போஸ்டில் அனுப்புவது நல்லது. பென்ஷன் வாங்கும் கணவர் உயிரோடு இருக்கும்போது அவருடைய ஒரு கையெழுத்தில் நடக்கும் வேலை இது. அவர் போன பிறகு அந்த அம்மா தான் யார் என்பதையே நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

பென்ஷன்தாரரின் இறப்பைத் தளத்திலேயே பதிவு செய்யலாம். தள்ளிப்போட்டு, அதற்குப் பின் வரவாகும் பென்ஷனை ஏடிஎம்மில் எடுத்தால், பிறகு மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். இன்னொன்று, பதிவான போன் எண் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையது என்றால் ஓடிபி அங்கேதான் போகும். ஷிஃப்டு முடிந்து அவன் போனை எடுப்பதற்குள் இங்கே நேரம் தாண்டிவிடும். முதல் திருத்தம் அந்த எண்ணாக இருக்கட்டும்.