காரில் சப்வூஃபர்: 5 வருடம் கேட்டுப் பார்த்த பிறகு

என் காரில் சப்வூஃபர் (தாழ்ந்த பாஸ் ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர்) ஏறி 5 வருடம் ஆகிறது. முதல் வருடத்திலேயே ஒரு சப்வூஃபர் கருகியது, ஒரு ஆம்ப் (சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் ஆம்ப்ளிஃபையர்) மாறியது, வயர் முழுவதையும் உருவி எடுத்து மறுபடி போட்டாயிற்று. அதற்குப் பிறகு போட்ட செட்டப் 4 வருடமாக ஓடுகிறது. இன்றும் காரில் ஏறிப் பாட்டைப் போட்டால் மனசு நிறைகிறது. புதிதாக மாட்டப் போகிறவர்களுக்கு இது உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் முதலில் சப்வூஃபரை வாங்கிவிடுகிறோம். அப்புறம் அதற்கு ஒரு ஆம்ப், அதற்கு ஒரு பாக்ஸ், கடைசியில் மிச்சப் பணத்துக்கு வயர். இந்த வரிசையே தலைகீழ். கார் எவ்வளவு கரண்ட் கொடுக்கும், டிக்கியில் எவ்வளவு இடத்தை விட்டுக்கொடுக்க முடியும், இந்த இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் ஆம்பைப் பார்க்க வேண்டும். சப்வூஃபர் கடைசி.

என் முதல் செட்டப் 12 அங்குல சப்வூஃபர், ரெடிமேடாக வந்த போர்ட் (காற்று போய்வரும் துளை) வைத்த பாக்ஸ், அட்டைப்பெட்டியில் 1500 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு ஆம்ப். அந்த 1500 கண் இமைக்கும் நேரம் எட்டக்கூடும் என்று சொல்லப்படும் பீக் கணக்கு. தொடர்ந்து கொடுக்கக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான் நமக்கு வேண்டியது. அது தெளிவாக எழுதப்படாவிட்டாலும் ஆம்பின் ஃபியூஸைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். அதில் 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு, மொத்தம் 50 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வைத்தால் உள்ளே போவதே 690 வாட்ஸ். அது கிளாஸ் ஏபி ஆம்ப். உள்ளே போவதில் பாதி அல்லது அதற்குக் கொஞ்சம் மேல்தான் ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகிவிடும். ஆக உண்மையான பவர் 350லிருந்து 400 வாட்ஸ். கிளாஸ் டி ஆம்பாக இருந்தால் சுமார் 80 சதவீதம் வெளியே வரும். இப்போது எந்த ஆம்பைக் கையில் எடுத்தாலும் முதலில் ஃபியூஸைத்தான் பார்க்கிறேன். சிடிஏ-2006 முறையில் அளந்தது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. 14.4 வோல்ட், 4 ஓம், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள் என்று அளவிடும் முறை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்.

அடுத்த தவறு ஓமில், அதாவது ஆம்புக்குத் தெரியும் மின்தடையில் நடந்தது. சப்வூஃபரில் 4 ஓம் காயில் (ஸ்பீக்கரை அசைக்கும் கம்பிச் சுருள்) இரண்டு. இரண்டையும் பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரிஸாக இணைத்தால் 8 ஓம். மாட்டிக்கொடுத்தவர் 2 ஓமாக இணைத்து, ஆம்பின் இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்துவிட்டார், அதாவது சேர்த்து ஒரே வெளியீடாக்கிவிட்டார். பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலுக்கும் அதில் பாதி, அதாவது 1 ஓம்தான் தெரியும். அந்த ஆம்போ பிரிட்ஜில் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்று அதன் புத்தகத்திலேயே போட்டிருந்தது. அரை மணி நேரம் ஓட்டினால் ஆம்ப் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும், சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். ஆறினால் திரும்ப வரும். எனக்குக் காரணம் புரிய இரண்டு மாதம் ஆனது.

அந்த இரண்டு மாதத்தில் பாஸ் போதவில்லை என்று ஆம்பின் கெயின் திருகை முழுவதும் திருப்பி, பாஸ் பூஸ்டையும் ஏற்றி வைத்திருந்தேன். ஒரு நாள் நெடுஞ்சாலையில் காருக்குள் வார்னிஷ் கருகுவது போல ஒரு வாசனை. காயில் போய்விட்டது. பவர் அதிகமானால்தான் சப்வூஃபர் எரியும் என்று நினைத்திருந்தேன். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டித் தள்ளும்போது அலையின் மேலும் கீழும் தட்டையாக வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். அது முற்றி சதுர அலையாகிவிட்டால், அதே உச்ச உயரமுள்ள சாதாரண அலையைவிட இரண்டு மடங்கு பவர் காயிலில் இறங்கும். 400 வாட்ஸ் ஆம்ப் என்று நினைத்துக்கொண்டிருப்போம், காயில் அதைவிட மிக அதிகமான சூட்டைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

வயரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் மிச்சம் பிடிக்கிறார்கள். என்னிடம் இருந்தது 8 கேஜ் என்று விற்கப்பட்ட வயர். தடிமன் பார்க்க நன்றாக இருக்கும். வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு இழையும் வெளியே தாமிரப் பூச்சு, உள்ளே அலுமினியம். அலுமினியம் கடத்தும் திறன் தாமிரத்தில் சுமார் 61 சதவீதம். நல்ல தாமிரத்திலேயே 8 கேஜ் வயர் 5 மீட்டர் ஓடினால், 45 ஆம்பியரில் அரை வோல்ட் அளவு வழியிலேயே போய்விடும். அலுமினியத்தில் இது இன்னும் மோசம். 4 கேஜ் (எண் குறைந்தால் வயர் தடிமன்) முழுத் தாமிரம் போட்டால் அதே தூரத்தில் 0.2 வோல்ட்தான் இழப்பு. தடிமனைச் சதுர மில்லிமீட்டரில் கேட்டால் ஏமாற மாட்டோம்: 8 கேஜ் சுமார் 8, 4 கேஜ் சுமார் 21. அந்தத் தடிமன் ரப்பர் உறையினுடையதா, உள்ளே இருக்கும் உலோகத்தினுடையதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பாற்ற வைப்பதல்ல, வயரைக் காப்பாற்ற வைப்பது. வயர் எங்காவது தகரத்தில் உரசித் தோல் உரிந்தால், ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் பகுதிக்குக் காவல் எதுவும் கிடையாது. கார் தீப்பிடிக்கக்கூடிய விஷயம் இது. இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான ஃபயர்வால் தகரத்தை வயர் தாண்டும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். இதில் யார் என்ன சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, இப்போதைய செட்டப்புக்கு வருகிறேன். இந்த முறை கணக்கை, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து தொடங்கினேன். என் காரில் இருப்பது 75 ஆம்பியர். இரவில் ஹெட்லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓடினால் 40 ஆம்பியர் போய்விடுகிறது. மிச்சம் 35. கிளாஸ் டி ஆம்ப் 400 வாட்ஸ் கொடுக்க 500 வாட்ஸ் இழுக்கும், அதாவது 36 ஆம்பியர். பாட்டு என்பது நிற்காமல் ஒரே சுரத்தில் ஓடுவதல்ல என்பதால் சராசரி இழுப்பு இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதனால் 400 என்பது என் காருக்குச் சௌகரியமான எல்லை. ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) ஆல்டர்னேட்டர் முழு ஆம்பியரும் தராது என்பதையும் மறக்கக் கூடாது.

பாஸ் வரும்போது ஹெட்லைட் மங்கினால் கெப்பாசிட்டர் (கரண்டைச் சேர்த்து வைத்துச் சட்டென்று தருவது) போடு என்று பலர் சொல்வார்கள். நானும் முதல் செட்டப்பில் 1 ஃபாரட் ஒன்று போட்டிருந்தேன். அது 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். 500 வாட்ஸ் இழுக்கும் ஆம்புக்கு அது ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குதான் வரும். பாஸ் நோட் அரை வினாடி நின்றாலே 250 ஜூல் வேண்டும். அந்தப் பணத்துக்கு நல்ல வயரும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கும் தடிமனான கேபிளும் போட்டேன். விளக்கு மங்குவது அதோடு நின்றது.

பாக்ஸ் விஷயத்தில் என் முடிவு சீல்டு, அதாவது துளையே இல்லாமல் முழுக்க மூடியது. போர்ட் வைத்த பாக்ஸ் அதன் டியூனிங் அலைவரிசைக்குப் பக்கத்தில் கூடுதல் சத்தம் தரும், உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே ஆக்டேவுக்கு (அலைவரிசை பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் வீதம் விழும். அங்கே கோனுக்கு (ஸ்பீக்கரின் முன்னும் பின்னும் அசையும் பகுதி) பிடிமானமும் போய்விடுவதால், மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாமல் ஓட்டக் கூடாது. சீல்டு பாக்ஸ் ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான் விழும். சின்ன கார் கேபின், தாழ்ந்த அலைவரிசையில் ஏறக்குறைய அதே வீதத்தில் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஒன்று விழ, இன்னொன்று தாங்கிப் பிடிக்கும். அதனால்தான் 20 லிட்டர் பாக்ஸிலேயே 35 ஹெர்ட்ஸ் வரை உடம்பில் உணர முடிகிறது. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால் எனக்கு இது தாராளம். ஆழ்ந்த எலக்ட்ரானிக் இசையை மட்டுமே அதிகம் கேட்பவர்களுக்கு, டிக்கியில் இடமும் இருந்தால், போர்ட் பொருந்தலாம்.

இவ்வளவுக்கும் பிறகு சப்வூஃபரைத் தேர்ந்தெடுத்தது எளிதாக இருந்தது. 10 அங்குலம், 4 ஓம் காயில் இரண்டு, பேரலலில் 2 ஓம், 2 ஓமில் 400 வாட்ஸ் தரும் மோனோ ஆம்ப். நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் இருவரும் வகுத்த அளவீடுகளை நல்ல தயாரிப்பாளர்கள் தாளில் கொடுப்பார்கள். அதில் எஃப்எஸ்ஸை (சப்வூஃபர் இயல்பாக அதிரும் அலைவரிசை) க்யூஈஎஸ்ஸால் (அந்த அதிர்வை மின்வழியில் அடக்கும் அளவைக் காட்டும் எண்) வகுத்தால் என் சப்வூஃபருக்கு 50 வருகிறது. 50க்குப் பக்கம் என்றால் சீல்டு, 100க்குப் பக்கம் என்றால் போர்ட் என்பது தோராயமான வழிகாட்டி. தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாக்ஸ் தவறாகப் போவதைத் தடுக்க இது போதும். 12 ஐ விட்டு 10க்கு இறங்கியதில் வருத்தம் உண்டா என்று கேட்பார்கள். பவரை இரண்டு மடங்கு ஆக்கினாலே கிடைப்பது 3 டெசிபல்தான், காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும். இது தெரிந்த பிறகு பெரிய எண்களின் மேல் இருந்த ஆசை அடங்கிவிட்டது.

கெயினைக் காதால் வைக்காதீர்கள். அது சத்தம் கூட்டும் திருகு கிடையாது. ஹெட் யூனிட் (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) அனுப்பும் சிக்னலோடு ஆம்பைப் பொருத்துவதற்கு வைத்திருப்பது. சப்வூஃபர் வயரைக் கழற்றி, பாஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, ஹெட் யூனிட்டை முக்கால் வால்யூமில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஆம்ப் வெளியீட்டை மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டாக அளக்க வேண்டும். வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இலக்கு வரும்: 400 பெருக்கல் 2 என்பது 800, அதன் வர்க்கமூலம் 28 வோல்ட் சொச்சம். அங்கே நிறுத்திவிட்டேன். 4 வருடமாக அந்தத் திருகில் கை வைக்கவில்லை, காயிலும் நன்றாக இருக்கிறது.

சப்வூஃபருக்குத் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ், டோர் ஸ்பீக்கருக்கு உயர்ந்த ஒலியை மட்டும் விடும் ஹை பாஸ் ஃபில்டர் அதே 80. டோர் ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த சத்தத்தை எடுத்துவிட்டதும் பாடகரின் குரல் தெளிவானது, அது நான் எதிர்பார்க்காத லாபம். சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேட்டு, பாஸ் நிறைவாக வந்த பக்கம் விட்டேன்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம். எல்லாம் சரியாக அமைந்தால் பாஸ் முன்னாலிருந்தே வருவது போல இருக்கும். நம்பர் பிளேட் அதிர்ந்தால் அந்த மயக்கம் கலைந்துவிடும், பின்னால் பாக்ஸ் இருப்பது காட்டிக்கொடுக்கப்படும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் பட்டை, டிக்கிக் கதவில் பியூட்டைல் ஷீட், பார்சல் டிரேயின் ஓரங்களில் ஃபெல்ட் ஒட்டினேன். செலவு குறைவு, பலன் பெரிது.

3வது வருடம் ஒரே ஒரு தொல்லை வந்தது. பலமான பாஸ் வரும்போது ஆம்ப் ஒரு கணம் அணைந்து மீளும். ஆம்பையே சந்தேகப்பட்டேன். ஆம்பின் நெகட்டிவ் வயரைக் கார் பாடியோடு இணைக்கும் எர்த் போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பாட்டு ஓடும்போது அளந்தால் 0.6 வோல்ட். போல்ட்டின் அடியில் துரு. பெயிண்ட்டைத் தகரம் தெரியச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் பூசியதும் 0.1க்குக் கீழே வந்துவிட்டது. இப்போது வருடத்துக்கு ஒருமுறை அந்தப் போல்ட்டையும் ஃபியூஸ் ஹோல்டரையும் பார்த்துவிடுகிறேன். கோனைச் சுற்றியிருக்கும் ரப்பர் இன்னும் புதிது போலவே இருக்கிறது.

சீட்டுக்கு அடியில் வைக்கும், ஆம்ப் உள்ளேயே இருக்கும் வகையை 8 அங்குலத்தில் கேட்டிருக்கிறேன். டோர் ஸ்பீக்கரின் குறையை நிரப்பும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பாக்ஸுக்குப் போகும் ஸ்பீக்கர் வயரில் கழற்றிப் போடும் கனெக்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் மழையில் டயர் பஞ்சர், ஸ்டெப்னி பாக்ஸுக்கு அடியில். கனெக்டரை உருவி, ஒரு ஸ்ட்ராப்பை அவிழ்த்து, பாக்ஸைப் பின் சீட்டுக்கு மாற்ற இரண்டு நிமிடம்தான் ஆனது.