'மை ஃபேர் லேடி' ஆடிஷனுக்கு எந்தப் பாட்டு?

பழைய மியூசிக்கல்களுக்கான, அதாவது பாட்டும் வசனமும் கலந்த மேடை நாடகங்களுக்கான ஆடிஷன் அறிவிப்புகளில் இரண்டு விஷயங்கள் அடிக்கடி வரும். ஒன்று, 16 பார் அல்லது 32 பார் மட்டும் பாடக் கேட்பார்கள் (பார் என்பது இசைத்தாளில் தாளத்தின் ஒரு சுற்று). இரண்டு, பியானோ வாசிப்பவர் அங்கே இருப்பார், இசைத்தாளை நாம் கொண்டுபோக வேண்டும். 'மை ஃபேர் லேடி'யில் கதாநாயகி எலைசா வேடத்துக்குப் போக முடிவு செய்தபோது நான் பார்த்த அறிவிப்பும் அப்படித்தான் இருந்தது. எந்தப் பாட்டை எடுப்பது என்று நான்கு வழிகளை வைத்து யோசித்தேன்: அந்த நாடகத்தின் பாட்டையே பாடுவது, அதே காலத்து வேறு நாடகத்தின் பாட்டு, பிந்தைய கால மியூசிக்கல் பாட்டு, சாதாரண பாப் பாட்டு.

பாப் பாட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 1956இல் மேடையேறிய, ஏறக்குறைய செவ்வியல் குரல் கேட்கும் ஒரு வேடத்துக்கு அது எதையும் காட்டாது. டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து தூக்கி நிறுத்தும் பாட்டைப் பியானோவில் மட்டும் வாசித்தால் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) திரும்பத் திரும்ப அடிக்கிற மாதிரிதான் கேட்கும். ராக் இசை மியூசிக்கலுக்குப் போகிறவர்கள் கதை வேறு.

நாடகத்தின் சொந்தப் பாட்டு என்றால் எல்லோர் மனதிலும் முதலில் வருவது 'ஐ குட் ஹேவ் டான்ஸ்ட் ஆல் நைட்'. எலைசாவின் குரலுக்கு அதைவிடச் சரியான பரீட்சை கிடையாது. சி மேஜர் ஸ்கேலில் போய், கடைசியில் மேல் ஜி ஸ்வரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். ஆனால் நடுவர்கள் அந்தப் பாட்டை ஏற்கெனவே மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். முதல் மேடையேற்றத்தில் இருபதே வயதில் அதைப் பாடிய ஜூலி ஆண்ட்ரூஸ் குரலோ, 1964 படத்தில் ஆட்ரி ஹெப்பர்னுக்காக மார்னி நிக்சன் பாடிய குரலோ அவர்கள் காதில் ஓடும். காட்சியை எப்படி அமைக்கப்போகிறோம் என்று இயக்குநர் முடிவே செய்திருக்கலாம். நாம் வேறு விதமாகப் பாடினால் 'நன்றாக இருக்கிறது' என்று தோன்றுவதற்கு முன் 'இது இல்லை' என்று தோன்றிவிடும். பல அறிவிப்புகள் நாடகத்துப் பாட்டு வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. சில, அதைத்தான் பாட வேண்டும் என்கின்றன. அப்படிச் சொன்னால் மறுபேச்சில்லாமல் அதையே பாடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் நான் தவிர்ப்பேன். ஆனால் இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டால் அநேகமாக அதைத்தான் கேட்பார்கள். அதனால் வீட்டில் தயாராக வைத்திருப்பது அவசியம்.

பிந்தைய மியூசிக்கல்களில் எனக்கு உண்மையாகவே ஆசை இருந்தது. 2003இல் வந்த 'விக்கிட்' (Wicked) மாதிரி நாடகங்களின் பாட்டுகளில்தான் இப்போது பலரும் குரலைப் பழக்குகிறோம். ஆனால் அவை கேட்பது நெஞ்சுக்குரலை மேலே ஏற்றி உரக்கப் பாடும் பெல்ட் முறை. எலைசாவுக்குத் தலைக்குரலும், சொல்லைத் தெளிவாக உச்சரிக்கும் வாயும் வேண்டும். என்ன குரல் இருக்கிறது என்பதைக் காட்டாமல் வேறொரு குரலைக் காட்டிவிட்டு வந்தால், நடுவர்கள் ஊகித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

மிச்சம் இருந்தது அதே காலத்து வேறு நாடகம். நான் எடுத்தது 1957இல் வந்த 'தி மியூசிக் மேன்' நாடகத்தின் 'டில் தேர் வாஸ் யூ'. மெரிடித் வில்சன் எழுதியது. நூலகர் மரியன் பாடுவது. முதலில் மேடையில் பாடியவர் பார்பரா குக். 'மை ஃபேர் லேடி'க்கு அடுத்த வருடம், அதே வகைச் சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்), அதே வகை இசை. பாணி பொருந்துகிறது என்பது பார்த்தவுடனே தெரிகிற காரணம். நான் முடிவெடுத்தது வேறு காரணத்தால்: முன்பின் பார்க்காத ஒரு பியானோ கலைஞர், முதல் பார்வையிலேயே இதை நமக்கு நன்றாக வாசித்துக் கொடுப்பாரா?

இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஆடிஷன் அறையில் பியானோ வாசிப்பவரோடு நமக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். தாளை ஸ்டாண்டில் வைத்து, எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, என்ன வேகம் என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். அன்று முழுக்க அவர் முன்னால் இப்படித் தாள்கள் வந்துகொண்டே இருக்கும். பிந்தைய மியூசிக்கல்களில் பியானோ பகுதியே பாட்டின் பாதி உயிர். இசையமைப்பாளர் ஜேசன் ராபர்ட் பிரவுன் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவரே பியானோ கலைஞர், தாளில் விரல்களுக்கு ஓய்வே இருக்காது. இன்னொரு இசையமைப்பாளரான சோண்ட்ஹைமின் பாட்டுகள் பலவற்றில் குரலுக்குக் கீழே தனியாக ஒரு தாள ஓட்டம் போகும். எவ்வளவு தேர்ந்தவரானாலும் முன்பு வாசித்திராவிட்டால் எங்காவது தடுக்கும். அந்தத் தடுமாற்றம் அவருடையதாகக் கேட்காது. பாடுகிறவர் தாளம் தவறியது போலத்தான் கேட்கும்.

பழைய பாட்டில் இந்தச் சிக்கல் குறைவு. இடது கை அடிஸ்வரம், வலது கை கார்டு, நடுவில் ஒன்றிரண்டு அலங்காரம், அவ்வளவுதான். விற்பனைக்கு வரும் பாடல் தொகுப்புகளில் பெரும்பாலும் வலது கையிலேயே மெட்டும் கலந்திருக்கும். பதற்றத்தில் ஸ்வரம் நழுவினால் காதுக்கு ஒரு பிடி கிடைக்கும். 'டில் தேர் வாஸ் யூ'வை 1963இல் பீட்டில்ஸும் பதிவு செய்ததால், நாடகப் பக்கமே வராத பியானோ கலைஞர்களுக்குக்கூட மெட்டு தெரிந்திருக்கும். (ஒரு எச்சரிக்கை: பீட்டில்ஸ் பதிவைக் கேட்டுப் பழகாதீர்கள். அதன் நடை லத்தீன் தாளம் பக்கம் சாய்ந்தது. மேடையில் இது நிதானமான காதல் பாட்டு.)

அடுத்தது வெட்டு, அதாவது பாட்டில் எந்த 16 பாரை எடுப்பது என்பது. அந்தக் காலத்துப் பாட்டுகளில் பல 32 பார்: எட்டு எட்டாக நான்கு பகுதிகள். முதல் மெட்டு, அதே மெட்டு மறுபடி, நடுவில் வேறு மெட்டு, கடைசியில் பழைய மெட்டு. 'டில் தேர் வாஸ் யூ' அப்படியே அச்சுப் பிசகாமல் இந்த அமைப்பு. கடைசி 16 பாரை எடுத்தால் நடுமெட்டில் மனம் வேறு பக்கம் திரும்புவதும், கடைசிப் பகுதியில் அது ஓரிடத்தில் வந்து நிற்பதும் முழுசாகக் கிடைக்கும். வெட்டின மாதிரியே தெரியாது. பிந்தைய பாட்டுகள் நாலைந்து நிமிடம் மெல்ல ஏறி உச்சிக்குப் போகிறவை. உச்சியை மட்டும் நறுக்கி எடுத்தால் திடீரென்று ஒருவர் கத்துவது போல ஆகிவிடும்.

16 பார் என்பது ஒரே அளவும் அல்ல. பாருக்கு நான்கு தட்டு, நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் 16 பார் 48 நொடி ஓடும். பாருக்கு இரண்டு தட்டு, நிமிடத்துக்கு 120 என்றால் அதே 16 பார் 16 நொடியில் முடிந்துபோகும்; மூச்சு எடுத்து நிமிர்வதற்குள் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். நிதானமான பாட்டை எடுத்ததில் எனக்குக் கிடைத்த லாபம் இந்த நேரம்தான். வேகப் பாட்டுதான் பாட வேண்டுமென்றால், 32 பார் பாடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

தாளை நான் தயார் செய்த விதத்தையும் சொல்கிறேன். புத்தகத்தில் இருந்த ஸ்கேல் எனக்குச் சரியாக அமையவில்லை. வேறு ஸ்கேலில் மாற்றி எழுதிய தாளையே கொண்டுபோனேன். அங்கேயே மாற்றி வாசிக்கச் சொல்வது நியாயமில்லை. நகல் எடுத்தபோது அடி வரியில் இடது கை ஸ்வரங்கள் பாதி அறுந்து வந்தன. அளவைச் சுருக்கி மறுபடி எடுத்தேன். 16 பாரும் திருப்பாமல் ஒரே விரிப்பில் தெரிகிற மாதிரி இரண்டு பக்கங்களை எதிரெதிரே கோப்பில் வைத்தேன். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை போடவில்லை, விளக்கு வெளிச்சத்தில் அது கண்ணாடி மாதிரி மின்னும். ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் தடித்த பென்சில் கோடு. அறையில் பியானோ கலைஞர் அந்தக் கோட்டில் விரலை வைத்து, "முன்னால் நாலு பார் வேணுமா, ஒரு ஸ்வரம் போதுமா?" என்று மட்டும் கேட்டார். ஒரு ஸ்வரம் போதும் என்றேன். வேகத்துக்கு முதல் வரியை மெல்ல முனகிக் காட்டினேன். விரல் சொடுக்கிக் காட்டுவது பலருக்குப் பிடிக்காது.

இந்தப் பாட்டுக்குக் குறையும் உண்டு. பலரும் பாடும் பாட்டு இது. சலித்துப்போன நடுவர் இருக்கலாம். அதைவிட, எலைசாவின் துடுக்கு இதில் வராது. கோவென்ட் கார்டனில் பூ விற்கிறவள், தனக்கு உச்சரிப்பு கற்றுத்தரும் பேராசிரியர் ஹிக்கின்ஸை எதிர்த்து நிற்கிற கோபக்காரி, அந்தப் பக்கம் முழுவதும் விட்டுப்போகிறது. அதற்காக, 'மை ஃபேர் லேடி'யை எழுதிய லெர்னர், லோவ் இருவரின் 1960 நாடகமான 'கேம்லாட்'டிலிருந்து, கின்னவியர் பாடும் 'தி சிம்பிள் ஜாய்ஸ் ஆஃப் மெய்டன்ஹுட்' பாட்டை இரண்டாவதாக வைத்திருந்தேன். முதலில் பாடியதும் ஜூலி ஆண்ட்ரூஸ்தான். குறும்பான பாட்டு. ஆனால் தனக்காக வீரர்கள் சண்டை போட வேண்டாமா என்று ஒரு பெண் ஏங்கும் வேடிக்கை, வரிக்கு வரி சேர்ந்தால்தான் எடுபடும். 16 பாருக்குள் அது அடங்காது. முதல் இடம் கொடுக்காததற்குக் காரணம் அதுவே.

இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். எதிர்பார்த்தபடி நாடகத்தின் பாட்டையே பாடச் சொன்னார்கள். முதல் சுற்றில் கரை சேர்த்தது பாட்டா, வசனம் படித்த விதமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆண் வேடங்களைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. எலைசாவைக் காதலிக்கும் ஃப்ரெடி வேடத்துக்கு இதே கணக்கு பொருந்தும் என்று நினைக்கிறேன். 1947இன் 'பிரிகடூன்' நாடகத்திலுள்ள 'ஆல்மோஸ்ட் லைக் பீயிங் இன் லவ்' பாட்டை யோசிக்கலாம். ஹிக்கின்ஸ் விஷயத்தில் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். முதலில் அந்த வேடத்தில் நடித்த ரெக்ஸ் ஹாரிசன் அதன் பாட்டுகளைப் பாதி பேச்சாகவே பாடினார். அந்த வேடத்துக்குக் குரலைவிடச் சொல் முக்கியம். அதற்குப் போகிறவர்கள், பேச்சோடு இழையும் பாட்டை மேடையில் பாடிப் பழகிய யாரையாவது கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.