ஒரே ஒரு மாலிக்யூலை இழுக்கணும்: ஏஎஃப்எம்மா, ஆப்டிகல் ட்வீசரா?

ஒத்தை மாலிக்யூலை இழுத்து விசையை அளக்க ரெண்டு கருவி இருக்கு: ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி), ஆப்டிகல் ட்வீசர் (ஒளியால புடிக்கிற இடுக்கி). லேபுக்குப் புதுசா வர்ற பசங்க எல்லாம் கேக்குறது இதான், "அண்ணா, ஏஎஃப்எம் கத்துக்கவா, ட்வீசர் கத்துக்கவா?" நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: உன் மாலிக்யூல் எத்தனை பிகோநியூட்டன்ல (ஒரு நியூட்டன் விசையில லட்சம் கோடியில ஒரு பங்கு) அசையும்?

ரெண்டும் 1986ல வந்ததுதான். பின்னிக், குவேட், கெர்பர் மூணு பேரும் ஏஎஃப்எம்மைக் கொண்டுவந்தாங்க, அதே வருஷம் ஆர்தர் ஆஷ்கின் ஒரே லேசர் கதிரை வெச்சு குட்டித் துகளைப் புடிச்சு நிறுத்திக் காட்டினார் (நோபல் வந்தது 2018ல, மனுஷனுக்கு அப்போ 96 வயசு). ஏஎஃப்எம்ல கேன்டிலீவர்னு ஒரு மெல்லிய தகடு, நுனியில ஊசி, தகடு வளைய வளைய அது முதுகுல பட்டுத் தெறிக்கிற லேசர் புள்ளி நகரும், அதுல இருந்து விசையைக் கணக்குப் போடுறோம். ட்வீசர்ல மாலிக்யூலை ஒரு குட்டி உருண்டையில ஒட்டிட்டு அந்த உருண்டையை ஒளியால புடிச்சு இழுக்குறோம், அவ்ளோதான்.

பலமான ப்ரோட்டீனா இருந்தா கண்ண மூடிட்டு ஏஎஃப்எம். தசையில இருக்குற டைட்டின்ங்கிற ப்ரோட்டீனை 1997ல ம்யூனிக் குரூப் இழுத்தப்போ விசை-தூர வளைவு ரம்பப் பல்லு மாதிரி வந்துச்சு, ஒவ்வொரு பல்லும் ஒரு டொமைன் (ப்ரோட்டீன்ல தனியா மடிஞ்சிருக்குற ஒரு துண்டு) அவிழுறது, விசை 150ல இருந்து 300 பிகோநியூட்டன், பல்லுக்குப் பல்லு 25 முதல் 28 நானோமீட்டர் இடைவெளி. ட்வீசர்ல 100 பிகோநியூட்டனைத் தாண்டணும்னா லேசர் பவரை ஏத்தணும், சாம்பிள் சூடாகி டேமேஜ் ஆகும்.

ஆனா ஏஎஃப்எம்ல இழுக்குறது தூண்டில் போடுற கதைதான். ஊசியை அழுத்தித் தூக்குறோம், எது மாட்டுச்சு, எங்க மாட்டுச்சுன்னு தெரியாது, நூறு தடவை இழுத்தா முக்காவாசி குப்பை, அதனாலதான் ஒரே டொமைனை எட்டு தடவை கோத்து ப்ரோட்டீன் செய்றாங்க, பல்லுங்க ஒரே இடைவெளியில வந்தா நம்ம ஆளு மாட்டிட்டான்னு அர்த்தம்.

10 பிகோநியூட்டனுக்குக் கீழ போனா ஏஎஃப்எம்மை மறந்துடுங்க, தகடு தானா நடுங்குறதுலயே சிக்னல் முங்கிடும். கைனசின்ங்கிற மோட்டார் ப்ரோட்டீன் ஒவ்வொரு அடியும் 8 நானோமீட்டரா வெச்சு நடக்குறதை 1993ல பார்த்ததும், டிஎன்ஏவைப் படிச்சு ஆர்என்ஏ செய்ற ஆர்என்ஏ பாலிமரேஸ், டிஎன்ஏ மேல ஒவ்வொரு பேஸா (ஒவ்வொரு எழுத்தா), அதாவது 0.34 நானோமீட்டரா நகர்றதை 2005ல பார்த்ததும் ட்வீசர்லதான். இந்த ஆட்டத்துல போட்டியே இல்ல.

ட்வீசரால முடியாத ஒண்ணு, படம். ஏஎஃப்எம் தண்ணிக்குள்ளயே மாலிக்யூலைத் தடவிப் பார்த்துப் படம் தரும், ஜப்பான்ல கனசவால அந்தோ குரூப் 2010ல மையோசின் Vங்கிற மோட்டார் ப்ரோட்டீன் ஆக்டின் இழை மேல நடக்குறதை வீடியோவாவே எடுத்தாங்க. படத்தை அப்படியே நம்பவும் கூடாது, 2 நானோமீட்டர் தடிமனான டிஎன்ஏ ஊசியோட பருமன் சேர்ந்து 10 நானோமீட்டருக்கு மேல தெரியும். இன்னொண்ணு, எல்லாத்தையும் ஒரு பரப்புல ஒட்டியாகணும். நான் முதல் வாரம் மைக்காவை (ஏடு ஏடா உரியிற அப்ரகம்) டேப் ஒட்டி உரிச்சு, அது மேல டிஎன்ஏ கரைசலை ஊத்தி, ராத்திரி முழுக்க ஸ்கேன் பண்ணியும் ஒண்ணும் தெரியல, ஏன்னா மைக்காவும் மைனஸ் சார்ஜ், டிஎன்ஏவும் மைனஸ் சார்ஜ், நடுவுல பாலம் போட நிக்கல் உப்பு போடவே மறந்துட்டேன்.

எங்க ப்ரோட்டீன் 200 பிகோநியூட்டன் கேக்குது, அதனால நான் இப்போதைக்கு ஏஎஃப்எம் பக்கம்தான், அதுவும் ராத்திரி பதினொண்ணுக்கு மேல, பகல்ல லிஃப்ட் ஓடினாலே வளைவு ஆடுது.