பைக் பயணத்துக்கு எது காவல்: கைத்துப்பாக்கியா, மிளகு ஸ்ப்ரேயா, வெறுங்கையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டி இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்து பைக் ஓட்டிகள் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: வழிமறித்தால் என்ன செய்வது? இடுப்பில் துப்பாக்கி வேண்டும் என்கிறவர்கள் பலர். மிளகு ஸ்ப்ரே போதும் என்கிறவர்கள் சிலர். எதையும் எடுத்துப் போகாதே, வண்டியைக் கொடுத்துவிட்டு உயிரோடு வா என்கிறவர்கள் மிகக் குறைவு. நான் அந்தக் குறைந்த தரப்புக்கு அருகில் நிற்பவன்; ஸ்ப்ரேக்கு மட்டும் ஒரு சிறிய இடம் தருவேன்.

துப்பாக்கி கேட்பவர்களின் அச்சம் வீண் அச்சம் இல்லை. 2022–23 நிதியாண்டில் மட்டும் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் கணக்கில் 27,000-க்கும் மேற்பட்ட கொலைகள் பதிவாகின. 2021 ஜூலைக் கலவரத்தில் நாடு முழுவதும் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். காவல்துறை வராத தெருக்களில் நம் மக்களே தடுப்புப் போட்டு இரவெல்லாம் விழித்திருந்தார்கள். அதே நாட்களில் ஃபீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அச்சமும் ஆயுதமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊரே கண்ணால் பார்த்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்க என்னால் முடியாது.

முதலில் சட்டம், ஏனென்றால் பலருக்குக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் பெறத் தென்னாப்பிரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து பணி விசாவில் வந்து ஜோகனஸ்பர்க்கிலோ டர்பனிலோ வேலை பார்க்கும் தம்பிகள் தற்காப்புத் துப்பாக்கி வாங்க வழியே இல்லை. நண்பரின் துப்பாக்கியைப் பயணத்துக்கு வாங்கிச் செல்வது நேராகச் சிறைக்குப் போகும் வழி. குடிமக்களுக்கும் சாதாரணமாக 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சி, தேர்வு, காவல்துறையின் பின்னணிச் சோதனை, வீட்டில் இரும்புப் பெட்டகம் எல்லாம் வேண்டும். தற்காப்பு உரிமம் ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான், அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு. வெளியே எடுத்துப்போனால் உறையில், முழுவதும் மறைந்து, எப்போதும் நம் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை பைக்கோடு பொருத்திப் பாருங்கள். காரில் போகிறவர் கார் கதவையாவது பூட்டலாம். பைக்கில் இருப்பதோ ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு பெட்ரோல் டேங்க் பை. உணவகத்தில் சாப்பிடும்போதும், கடலில் கால் நனைக்கும்போதும், கோயிலுக்குள் போகும்போதும் துப்பாக்கி உங்கள் உடம்போடு இருந்தாக வேண்டும். மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலுக்குக் காவடி பார்க்கப் போகிறவர் இடுப்பில் துப்பாக்கியோடு கூட்டத்துக்குள் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாலையில் நண்பர் வீட்டில் இறைச்சி சுட்டு இரண்டு பீர் குடித்தாலும் சிக்கல்தான். மது போதையில் துப்பாக்கியைக் கையாள்வது குற்றம். தொலைந்தாலோ திருடு போனாலோ 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். அலட்சியத்தால் போனது என்று தெரிந்தால் வழக்கு உங்கள் மீது. சானி கணவாய் ஏறி லெசோத்தோவுக்குள் போகிற ஆசை உள்ளவர்கள், எல்லை தாண்டத் துப்பாக்கிக்கு இரு பக்கமும் தனி அனுமதி வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளட்டும்.

சட்டம் முழுவதும் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கைகள் எங்கே இருக்கின்றன என்ற கேள்வி மிஞ்சுகிறது. வலது கையில் ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும். இடது கையில் கிளட்ச். சிக்னலில் முதல் கியரில் நிற்கிறீர்கள். இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது. துப்பாக்கியை எடுக்க வலது கையை விட வேண்டும், தடித்த கையுறையோடு ஜாக்கெட் ஜிப்பைத் திறக்க வேண்டும், 200 கிலோ வண்டியைக் காலால் தாங்க வேண்டும். தலைக்கவசம் பக்கவாட்டுப் பார்வையையும் காதையும் குறைத்துவிடுகிறது. அதனால் வருகிறவனை நீங்கள் பார்ப்பதே அவன் துப்பாக்கி உங்கள் விலாவில் பட்ட பிறகுதான். வழிமறிப்பவன் தனியாக வருவதும் அரிது. அவன் கை ஏற்கெனவே துப்பாக்கியில் இருக்கிறது, உங்கள் கை கிளட்சில் இருக்கிறது.

சாட்ஸ்வர்த்தில் பல ஆண்டுகளாக உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் ஓர் அண்ணன் என்னிடம் சொன்ன எதிர்வாதம் இது: "தம்பி, ஓடும்போது எனக்கும் அது வேண்டாம். டயர் பஞ்சரானால், இரவில், ஆளில்லாத சாலையில் நிற்கும்போதுதான் வேண்டும்." துப்பாக்கிக்காகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம் இதுதான். அப்போது இரண்டு கையும் காலி, தலைக்கவசமும் கழற்றியிருக்கும், தூரத்தில் வருகிறவரைப் பார்க்க முடியும். கிராமப்புறச் சாலையில் காவல்துறை வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். தனியாகப் பயணம் செய்யும் பெண் இதைச் சொன்னால் நான் இன்னும் கவனமாகக் கேட்பேன். ஆனாலும் அந்த ஓர் அரை மணி நேரத்துக்காக மீதி நாள் முழுவதும் அதை உடம்பில் சுமக்க வேண்டியிருக்கிறது. விழுந்தால் இடுப்பெலும்புக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓர் இரும்புத் துண்டு. முதுகுப் பக்கம் வைத்தால் தண்டுவடத்தின் மேல். பைக் ஓட்டுகிறவர் வழிப்பறிக்காரனைச் சந்திப்பதைவிட மணலில் சறுக்கி விழும் வாய்ப்பு எவ்வளவு அதிகம் என்பதை ஓட்டுகிறவர்களே அறிவார்கள்.

துப்பாக்கியே திருடனுக்கு ஆசை காட்டும் பொருளும்கூட. 1990-களின் இறுதியில் ஜோகனஸ்பர்க்கின் அலெக்ஸாண்ட்ரா, பிராம்லி காவல் நிலையங்களின் வழக்குக் கோப்புகளை ஆராய்ந்தபோது, தாக்கப்பட்டவர் தன் துப்பாக்கியால் தற்காத்துக்கொள்வதைவிட அது அவரிடமிருந்து பறிக்கப்படும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்று தெரியவந்தது. காரும் வீடும் சேர்ந்த கணக்கு அது. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருப்பவருக்கு நிலைமை இதைவிட மேலாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

சுட்ட பிறகு என்ன என்பதையும் பேச வேண்டும். தற்காப்பு என்று நீதிமன்றம் ஏற்க, சட்டத்துக்குப் புறம்பான தாக்குதல் நடந்துகொண்டிருக்க வேண்டும் அல்லது உடனே நடக்கப்போக வேண்டும். தடுப்பது அவசியமாகவும் அளவோடும் இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஏறி முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறவனைச் சுட்டால் அது தற்காப்பாகாது. தப்பியோடுகிறவனைப் பிடிப்பதற்காக உயிர்போகும்படி சுடுவதற்கு அரசியலமைப்பு நீதிமன்றம் 2002-ஆம் ஆண்டின் வால்டர்ஸ் வழக்கிலேயே கடுமையான எல்லை வகுத்துவிட்டது. வண்டிக்குக் காப்பீடு இருக்கிறது. கொலை வழக்குக்கு இல்லை.

இனி மிளகு ஸ்ப்ரே. உரிமம் தேவையில்லை, விலை குறைவு, பணி விசாக்காரரும் வைத்துக்கொள்ளலாம், தவறாகப் பயன்பட்டாலும் பெரும்பாலும் யாரும் சாவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே துப்பாக்கிக்கு மேலே இதை வைப்பேன். குறைகளும் உண்டு. சில மீட்டருக்கு மேல் எட்டாது. டர்பன் கடற்கரைச் சாலையில் வடகிழக்குக் காற்று வீசும்போது அடித்தால் பாதி உங்கள் முகத்துக்கே திரும்பும். திறந்த தலைக்கவசத்துக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும், கண் தெரியாமல் வண்டி ஓட்ட முடியாது. காற்றில் பறக்காத ஜெல் வகை ஓரளவு நல்லது. ஜனவரி வெயிலில் டேங்க் பையில் கிடந்தால் அழுத்தக் குப்பி சூடேறும். ஆகவே நிழலான ஜேப்பில், கையுறையோடும் எடுக்கும்படி வைக்க வேண்டும். துப்பாக்கியோடு வருகிறவனிடம் இதை நீட்டவே கூடாது. இறங்கி நிற்கும்போது கத்தியோடோ கல்லோடோ நெருங்குகிறவனிடமிருந்தும், தெருநாயிடமிருந்தும் விலகி ஓட நேரம் வாங்கித் தரும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

மிளகு உருண்டைகளை வாயு அழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கிகளையும் இப்போது பலர் வாங்குகிறார்கள். உரிமம் வேண்டாம், ஸ்ப்ரேயைவிடத் தூரம் போகும். ஆனால் தோற்றம் அசல் துப்பாக்கி போலவே. எதிரில் நிற்பவன் அதை அசலென்று நினைத்துச் சுட்டுவிடுவான். இருட்டில் காவலரும் அப்படியே நினைக்கலாம். அசலின் ஆபத்து முழுவதும், அதன் பலனில் ஒரு பங்கு மட்டும். மின்னதிர்ச்சிக் கருவி ஆளைத் தொட்டால்தான் வேலை செய்யும். அவ்வளவு அருகில் வந்துவிட்டவனிடம் அது வேண்டாம். கத்தியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2013-ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டப்படி, தீய நோக்கத்தோடு வைத்திருக்கிறாரோ என்று நியாயமாகச் சந்தேகிக்கும் சூழலில் ஆயுதத்தோடு பிடிபட்டால் மூன்று ஆண்டு வரை சிறை. பழம் நறுக்கும் கத்தி சமையல் பையிலேயே இருக்கட்டும்.

வெறுங்கை என்று நான் சொல்வது ஆயத்தமில்லாமல் போவதை அன்று. பைக்குக்கு இருக்கும் பெரிய பலம் நகர்வு. சிக்னலில் முன்வண்டியை ஒட்டி நிற்காமல், முதல் கியரில், விலகிப்போக ஓர் இடைவெளியைப் பார்த்துவைத்து நிற்பவர் ஒரு நொடியில் வெளியேறிவிடுவார். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பச்சை விழும்போது போய்ச் சேர்ந்தால் நிற்கவே வேண்டாம். என் பார்வையில் சாலையைவிட ஆபத்தான இடம் சொந்த வீட்டு வாசல். பின்னால் ஒரு பக்கி (பிக்கப்) வண்டி தொடர்ந்து வந்தால் வீட்டைத் தாண்டி ஒரு சுற்றுப் போய், வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையத்தில் நின்று பாருங்கள். கேட் ரிமோட்டைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.

அந்த அண்ணனின் பஞ்சர் வாதத்துக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. டியூப் இல்லாத டயருக்கு அடைப்புக் கருவியும் பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பும் இருந்தால், பழகிய கை சில நிமிடங்களில் வண்டியைக் கிளப்பிவிடும். துப்பாக்கிப் பயிற்சிக்குக் கொடுக்கும் நேரத்தில் நான்கில் ஒரு பங்கை இதற்குக் கொடுத்தால் போதும். இருட்டுவதற்குள் தங்குமிடம் சேருவது, டர்பன்–ஜோகனஸ்பர்க் சாலையில் ஹாரிஸ்மித் போன்ற பெரிய நிறுத்தங்களில் பெட்ரோல் போடுவது, குழுவாகப் போகும்போது அனுபவமுள்ள ஒருவரைக் கடைசியில் விடுவது, வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தைத் திறந்துவைப்பது ஆகியவையும் இதில் சேரும். வண்டிக்குள் மறைத்துவைத்த டிராக்கர் இருந்தால் கொடுத்துவிட்டு நடந்துபோக மனம் எளிதில் ஒப்பும். பிறகு காவல்துறையின் அவசர எண் 10111, கைப்பேசியிலிருந்து 112.

சாலையில் நாம் அஞ்சும் பலவற்றுக்கு முன்னால் துப்பாக்கி சும்மாதான் கிடக்கும். 2016 டிசம்பரில் பல்லிட்டோ அருகே என்-2 நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து எறிந்த கல் ஒரு காரில் பட்டு உடன்பிறந்த இரு பிள்ளைகள் இறந்தார்கள். பாலத்தை நெருங்கும்போது மேலே பார்ப்பதும், தடம் மாறிப் போவதும்தான் அங்கே உதவும். 2023 ஜூலையில் வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்குத் தீவைக்கப்பட்டபோது, டர்பன்–ஜோகனஸ்பர்க் நெடுஞ்சாலையான என்-3 வழியைத் தவிர்த்தவர்களே அதில் சிக்காமல் தப்பினார்கள். புறப்படும் முன் வழிச் செய்தி பார்ப்பதை எந்த ஆயுதத்துக்கும் மேலே வைக்கிறேன்.

ஆக, உரிமம் பெற்றவர் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் விட்டுவிட்டு வரட்டும். தனியாகவோ தொலைதூரமோ போகிறவர் ஒரு ஜெல் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளட்டும்.

இந்த நாட்டில் நாள்தோறும் அதிகம் அஞ்சி ஓட்டுகிறவர்கள் உணவும் மளிகையும் கொண்டுவரும் டெலிவரி ஓட்டுநர்கள். அவர்களில் பலர் மலாவி, ஜிம்பாப்வே நாட்டினர். துப்பாக்கி உரிமம் அவர்களுக்கு எட்டாது, ஸ்ப்ரே எடுக்கவும் நேரம் இருக்காது. வாசலில் தலைக்கவசத்தோடு முகவரி தேடிக்கொண்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவர்களுக்கு ஆபத்தானவை. ஆர்டர் கொடுக்கும் நாம் வாசல் விளக்கைப் போட்டு, கேட் அருகே வந்து நின்று, ரொக்கம் இல்லாமல் முன்கூட்டியே பணம் செலுத்திவிட்டால் அந்த நிமிடங்கள் சில நொடிகளாகச் சுருங்கும்.